கோத்தகிரியில் என் மகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள வார்டன் சிஸ்டருக்கு, வகுப்பு டீச்சருக்கு, சமையற்கட்டு ஆயாவுக்கு, மாதம் இரண்டு முறை குன்னூரிலிருந்து வந்துபோன கவுன்சிலர் மேடத்துக்கு, மாடி அறையில் அவளோடு இருந்த மூன்று பிள்ளைகளுக்கு,

வேதாரண்யத்திலிருந்து அவளுடைய அம்மா எழுதுகிறேன். யாருடைய பெயரும் போடவில்லை. பெயர் வேண்டாம் என்று என் மகள்தான் சொன்னாள். ஆனால் நடந்ததை எழுதும்மா, அதை எழுதாமல் நன்றி மட்டும் சொன்னால் எதற்கு என்று யாருக்குத் தெரியும் என்று சொன்னதும் அவள்தான். முழுக்க அவளிடம் படித்துக் காட்டி, இரண்டு இடத்தில் அவள் அடிக்கச் சொன்னதை அடித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. கொல்லையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட அவள் அப்பா வெளியே போனார். தென்னை விழுந்தது. அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவே ஒரு மாதம் ஆனது. கரண்ட் வந்து ஃபேனைப் போட்டால் அந்தச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். குளிக்கும்போது கதவைச் சாத்த மாட்டாள். தூங்கினால் அலறல், முழித்திருந்தால் தலைமுடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள், உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது. காத்துக்கருப்பு என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினேன். ஒரு மருத்துவமனையில் அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அப்போது படித்த பள்ளியில், ஊருக்கே வீடு போச்சு, நீ மட்டும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே என்று வகுப்பு நடுவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கே போகவில்லை.

தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவர்தான் எனக்கு உட்கார வைத்துச் சொன்னார். இது பயித்தியம் இல்லைம்மா, பிடிவாதமும் இல்லை, பெரிய ஆபத்தைப் பார்த்த உடம்பு அந்த ஆபத்து முடிந்துபோனதை இன்னும் நம்பவில்லை, அதனால்தான் சின்னச் சத்தத்துக்கும் அபாய மணி அடிக்கிறது, ஒரு மாதத்துக்கு மேலும் இப்படியே நீடித்தால் சிகிச்சை வேண்டும், சிகிச்சையில் தேறி வருகிற விஷயம்தான் இது என்றார். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். ஆறு மாதமாக அவளைத் திட்டிக்கொண்டல்லவா இருந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் சொல்லித்தான் உங்கள் பள்ளி தெரியும். அப்பன் போன பிள்ளையை மலையில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று ஊரில் பேசினார்கள். நானும் அப்படித்தான் ராத்திரியெல்லாம் நினைத்தேன். ஹாஸ்டல் எல்லாப் பிள்ளைக்கும் சரிப்படாது, சில பிள்ளைகளுக்கு அது இன்னொரு பிரிவாகிவிடும், அதையும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இவளுக்கு விழுந்து கிடக்கிற தோப்பையும் இடிந்த சுவரையும் தினம் பார்க்காமல் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

2019 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறினோம். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் முந்தானையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. உங்கள் வாசலில் இறங்கினால் காற்று. தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரமெல்லாம் ஒரே இரைச்சல். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, தப்பான ஊருக்குக் கூட்டிவந்துவிட்டோமே என்று. சிஸ்டர், நீங்கள் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "ஜன்னல் பக்கம் கட்டில் வேணுமா, சுவர் பக்கமா?" அவ்வளவுதான் கேட்டீர்கள். அப்பா எப்படிப் போனார், மார்க் என்ன, ஏன் பேச மாட்டேங்கிறாள், ஒன்றும் இல்லை. அவள் சுவரைக் காட்டினாள்.

முதல் மூன்று வாரம் அவள் கட்டிலில் படுக்கவில்லை, கட்டிலுக்கு அடியில்தான். இழுத்து மேலே போடாமல், கீழே ஒரு பாயும் இரண்டு கம்பளியும் விரித்துக் கொடுத்தீர்கள், அங்கே தரை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று உங்களுக்குத்தானே தெரியும். அந்த மூன்று பிள்ளைகளும் தாங்களும் கொஞ்ச நாள் கீழே படுத்தார்களாம். கண்ணுகளா, உங்களுக்கு அப்போது என்ன வயது! ராத்திரி அவள் அலறினால் ஓடிப்போய்த் தொடக் கூடாது, முதலில் லைட்டைப் போட்டு, தள்ளி நின்று, பெயரைச் சொல்லி, நீ கோத்தகிரியில் இருக்கே, இது நம்ம ரூம் என்று சொல்ல வேண்டும் என்று கவுன்சிலர் மேடம் கற்றுக்கொடுத்ததை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்திருக்கிறீர்கள். பெற்றவள் நான் அவளை எத்தனை தடவை உலுக்கி எழுப்பியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

சிஸ்டர், இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. போன் போட்டால், நல்லா இருக்காம்மா என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இரண்டு நாளாச் சாப்பிடலை, நேத்து பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதா, இன்னைக்கு அரைத் தோசை தின்னா என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். அந்த அரைத் தோசையை நம்பித்தான் அந்த வாரத்தை ஓட்டினேன்.

கவுன்சிலர் மேடம் அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சு அடைக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள், தொட முடிகிற நாலு, காதில் விழுகிற மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி, இதை வரிசையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். வாசனைக்காகக் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு, ருசிக்கு ஒரு துண்டு வர்க்கி, அந்த மலைப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட். லீவில் வந்தபோது அவள் பாவாடைப் பையைத் துவைக்க எடுத்தேன், உள்ளே முழுக்க வர்க்கித் தூள். முதலில் ஒன்றும் புரியவில்லை. அவளே உட்கார்ந்து எனக்கும் சொல்லிக்கொடுத்தாள், எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

லாங்வுட் சோலைக்கு உயிரியல் டீச்சர் கூட்டிப்போனதையும் சொல்லியாக வேண்டும். கோத்தகிரி பக்கத்தில் 116 ஹெக்டேர் சோலைக்காடு, பகலிலேயே உள்ளே இருட்டு, கால் வைத்தால் பஞ்சு மாதிரி இலை மக்கு. திடீரென்று மரத்துக்கு மேலே யாரோ கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம், இவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீலகிரிச் சிரிப்பான் என்று ஒரு குருவியாம், உலகத்தில் இந்த மலைப் பக்கம் மட்டும்தான் இருக்கிறதாம். டீச்சர் அவளை எழுப்பவில்லை, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை தடவை சிரிக்குதுன்னு எண்ணு என்றாராம். அடுத்த போனில் அந்தக் குருவி மாதிரியே சிரித்துக் காட்டினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் மகள் சிரித்த சத்தம் அது, குருவியின் சிரிப்பாக இருந்தால் என்ன.

ஆயா, இனி உங்களுக்கு.

அந்த வருடம் நவம்பர் வந்தது. வடகிழக்கு மழை, மலையில் நாலு நாளாகக் கரண்ட் போய்ப் போய் வருகிறது. தேதி நெருங்க நெருங்கப் பிள்ளை பழையபடி ஆவாள் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதியிருந்தார், சிஸ்டரும் காலண்டரில் 16ஐச் சுழித்து வைத்திருந்தார். அன்று சாயங்காலம் அவளைச் சமையற்கட்டில் உங்களோடு உட்கார வைத்தார்கள். அங்கேதான் காற்றுச் சத்தம் குறைவு, அடுப்பு வெளிச்சமும் உண்டு. நீங்கள் ஒரு முறம் பச்சைப் பட்டாணியை நடுவில் வைத்து உரிக்கச் சொன்னீர்கள். ரொம்ப நேரம் பேச்சே இல்லையாம். அப்புறம் நீங்களாகவே, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் உங்கள் அப்பா அம்மா இலங்கையை விட்டு வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததையும், 2009 நவம்பரில் கேத்தி பக்கம் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது உங்கள் அண்ணன் வீடு மண்ணுக்குள் போனதையும், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே உரித்திருக்கிறீர்கள். உன் கதை என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் சொன்னாள். "டார்ச் என் கையிலதான் இருந்துச்சு ஆயா. நான் மாட்டு மேல அடிச்சேன். மரத்து மேல அடிச்சிருந்தா அப்பா பார்த்திருப்பாரு."

ஒரு வருடம் அந்தப் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கையில் டார்ச் இருந்ததே எனக்குத் தெரியாது. நீங்கள், அழாதே, உன் தப்பில்லை என்றெல்லாம் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. "அப்பா எதைப் பார்க்கணும்னு வெளிச்சம் கேட்டாரு?" என்று மட்டும் கேட்டீர்கள். மாட்டைத்தான் என்றாள். "அப்ப அப்பா கேட்ட எடத்துலதானே அடிச்சிருக்கே" என்றீர்கள். முறம் காலியாகும் வரை அழுதுகொண்டே உரித்தாளாம், பிறகு சுக்குக் காப்பி குடித்துவிட்டு உங்கள் பாயிலேயே தூங்கிவிட்டாளாம். இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை ஆயா. அது அவள் சொல்ல வேண்டியது என்று காத்திருந்தீர்கள். பொங்கல் லீவில் அவளே என்னிடம் சொன்னாள். கவுன்சிலர் மேடமும் அவளும் அதன் பிறகு எத்தனையோ மாதம் அதைப் பேசிப் பேசி ஆற்றியிருக்கிறார்கள், அந்தப் படிப்பும் பொறுமையும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஆனாலும் கதவு திறந்தது உங்கள் அடுப்படியில்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடி அவள் வீட்டுக்கு வந்தாள், நவம்பரில் நிவர், அடுத்த வாரமே புரெவி. நிவர் புதுச்சேரி பக்கம் போய்விட்டது, ஆனால் அந்த ராத்திரி எங்கள் கூரைமேல் அடித்த காற்று போதும் அவளுக்கு. உச்சியில் மறுபடி முடி போனது. வகுப்பு டீச்சர், நீங்கள் அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு, டவர் போகும் வரை வைக்கவே இல்லை. பாடம் நடத்தினீர்கள்! கணக்குப் பாடம், முக்கோணம், ஒவ்வொரு படியாக. வெளியே ஊளையிடுகிறது, உள்ளே மெழுகுவர்த்தியில் அவள் கணக்குப் போடுகிறாள். டவர் போன பிறகும் மீதிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் நோட்டை மூடினாள். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்ததும் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாள், இந்தத் தடவை என் முந்தானையைப் பிடிக்கவில்லை.

அறைத்தோழி வீட்டார் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளைத் துணி உடுத்திக் கூட்டிப்போய்த் தங்கள் பிள்ளையோடு பிள்ளையாக உட்கார வைத்துச் சோறு போட்டதும், பஸ் டிரைவர் அண்ணன் வளைவில் ஹாரன் அடிக்கும் முன்னால் கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடித்ததும், எல்லாம் அவள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தயவுசெய்து நான் ஆறு மாதம் வீணாக்கியது மாதிரி வீணாக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்று அரசு மனநல உதவி இருக்கிறது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். 2022ல்தான் வந்தது, எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். காற்று பலமாக அடிக்கிற ராத்திரியில் இன்னும் முழித்துத்தான் இருப்பாள், ஆனால் கட்டிலின் மேலே. சில சமயம் நானும் எழுந்து பக்கத்தில் உட்காருவேன், இரண்டு பேரும் காப்பி போட்டுக் குடிப்போம்.

ஆயா, நீங்கள் கொடுத்தனுப்பிய பட்டாணி விதை எங்கள் மணலில் சரியாக வரவில்லை, இரண்டே இரண்டு செடி, அதிலும் ஆறு காய்தான். அவள் உரித்து எண்ணிப் பார்த்தாள், இருபத்து மூன்று பட்டாணி. அதில் பாதியை மறுபடி விதைக்கு எடுத்து வைத்திருக்கிறாள். புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றில் இந்த வருடம் பாளை விட்டிருக்கிறது. கோடை லீவுக்கு நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், கடலைப் பார்த்ததே இல்லை என்று சொன்னீர்களாமே ஆயா, தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு அவளே வந்து கூட்டிக்கொண்டு வருவாள்.

அன்புடன்,
அவள் அம்மா