2024-25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவுல செயலாளர் வாசிச்சது

ஞாயித்துக்கிழம பொதுக்குழுவுல வாசிச்சத அப்படியே இங்க போடுறேன். வடசென்னையில பாடுறவங்க, வாசிக்கிறவங்கன்னு 64 பேர் இருக்கிற நம்ம சங்கத்துல 23 பேர்தான் வந்தீங்க, மீதி 41 பேருக்கும் விஷயம் போய் சேரணும், அதனால கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசா படிங்க.

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளர் அக்காவுக்கும் வந்திருக்கிற அண்ணன் அக்கா தம்பி தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் செயற்குழு ஏழு தடவ கூடுச்சு. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்துச்சு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிய ஆறு பேருக்கு பாரம் நிரப்பிக் குடுத்தோம். ஆடி மாசம் கூழ் ஊத்துற திருவிழாவுல கொருக்குப்பேட்டைல இருந்து காசிமேடு வரைக்கும் ஒன்பது எடத்துல நம்ம ஆளுங்க பாடுனாங்க. நம்ம மூத்த பேஞ்ஜோ அண்ணன் நவம்பர்ல தவறிட்டாரு, அவர் வீட்டு வாசல்ல விடிய விடிய பாடி அனுப்பி வச்சோம். அவர் வாசிச்சதுல ஒரு பாட்டு கூட ஒழுங்கா ரெக்கார்டு ஆவாம போச்சு, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

இப்ப மாசக் கடைசி ஞாயிறு மேடைக்கு வரேன், நம்ம ஆளுங்க பாட சங்கமே நடத்துற மேடை. போன வருஷ பொதுக்குழுவுல ஒருத்தர் எழுந்து இதனால சங்கத்துக்கு இன்னா லாபம்னு கேட்டாரு, அன்னிக்கி எனக்கு சரியா பதில் சொல்ல வரல, இன்னிக்கி சொல்றேன்.

தண்டையார்பேட்ட மெட்ரோல இருந்து நடக்குற தூரத்துல ஒரு மொட்டமாடிலதான் மேடை, வீட்டுக்கார அம்மா வாடகை வாங்காம குடுக்குறாங்க. 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுக்கு அப்புறம் திருவொத்தியூர் பக்கம் இருக்கிறவங்களும் வந்துட்டு ராத்திரியே திரும்பிட முடியுது. 12 மாசத்துல 10 மேடை நடந்துச்சு, டிசம்பர்ல மழ, இன்னொரு மாசம் ஆடியோ செட் அண்ணனுக்கு வேற ஆர்டர். ஒரு மேடைக்கு அஞ்சு பேரு, ஆளுக்கு மூணு பாட்டு, அதுல ரெண்டாவது சொந்தப் பாட்டா இருக்கணும். ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கிறது சட்டம், நாங்க ஒன்பதரைக்கே மூடிடுறோம், அதனால போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ஒரு தடவ கூட யாரும் வரல.

திருவிழா மேடைல பாடுறவங்களுக்கு தெரியும், அங்க சினிமா பாட்டுதான் கேப்பாங்க. தப்பு சொல்லல, அவங்க திருவிழா, அவங்க காசு. ஆனா நாலு மணி நேரம் பாடிட்டு தன் பேரக் கூட சொல்லாம இறங்கிட்டா அந்தக் கூட்டத்துல ஒருத்தன் கூட மறுநாள் உன்ன தேட முடியாது. அதுக்குத்தான் ரெண்டாவது பாட்டு விதி வச்சேன். தெரிஞ்ச பாட்டு ஒண்ண பாடி கூட்டத்த கிட்ட வர வச்சிட்டு, சொந்தப் பாட்ட எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாடி முடிச்சதும் ஒரு தடவ பேர சொல்லணும், அப்புறம் மறுபடி தெரிஞ்ச பாட்டு. கடைசியா சொந்தப் பாட்ட வச்சீங்கன்னா பாதி பேர் சேர மடக்கிட்டு கிளம்பிடுவாங்க, நான் பத்து மேடையும் நின்னு பாத்துட்டுதான் சொல்றேன்.

மேடை ஓரத்துல ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கோம்ல, அது காசுக்கு இல்ல. ஸ்கேன் பண்ணா பாடுறவங்களோட வாட்சப் தொறக்கும், அவங்க ஒரு வணக்கம் போட்டா போதும், நம்பர் நம்மகிட்ட வந்துடும். ஏன் நம்பர் நம்பர்னு உசுர வாங்குறேன்னு நெறைய பேர் கேக்குறீங்க. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்க தடை பண்ணாங்க. நம்ம சங்கத்துலயே ஒரு கானா தம்பி, அதுலதான் அவன் பொழப்பே, எங்க போனாலும் செல்ஃபி எடுக்க வருவாங்க. மறுநாள் அவன தேடி வர ஒருத்தருக்கும் வழி இல்ல, அவனுக்கும் அவங்க யாருன்னு தெரியாது. இன்ஸ்டா, யூட்டியூப்பு எல்லாமே வாடகை வீடுதான், நம்ம கையில இருக்கிற நம்பர்தான் சொந்தம். ஆனா ஒண்ணு, வாட்சப் பிராட்காஸ்ட்டுல நீங்க அனுப்புறது உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போகும், ஒரு லிஸ்ட்டுல 256 பேருக்கு மேல போட முடியாது. அதனால வணக்கம் போட்ட அன்னிக்கே அங்கயே சேவ் பண்ண சொல்லுங்க, வீட்டுக்குப் போயி யாரும் பண்ண மாட்டாங்க.

இந்த மேடைல எனக்கு மனசு விட்டுப் போன விஷயத்தயும் சொல்லணும். தான் பாடுறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி வர்றீங்க, உங்க பாட்டு முடிஞ்சதும் உங்க கூட வந்த பத்து பேரயும் கூட்டிக்கினு கிளம்பிடுறீங்க. ஜூலை மாசம் மொதல்ல பாடுனவருக்கு 60 பேர் இருந்தாங்க, அஞ்சாவதா பாடுன ராயபுரம் தங்கச்சிக்கு 11 பேரு, அதுல நாலு பேர் செட்டு கழட்ட நின்னவங்க. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, பாடிட்டு மைக்க ஆஃப் பண்ணி எங்கிட்ட குடுத்துட்டு போச்சு. புது ஆளுங்க எங்க இருந்து வருவாங்கன்னு நீங்க எல்லாரும் எங்கிட்ட கேக்குறீங்க, புது ஆளுங்க இன்னொருத்தரோட ஆளுங்கதான். கானா கேக்க வந்தவன் அப்படியே ஒக்காந்து அடுத்தவன் ராப்பையும் கேட்டாத்தான் ராப் தம்பிக்கு புதுசா ஒருத்தன் கிடைப்பான். 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மொத தடவ மேடை ஏறுனப்ப நம்மள்ல நாலஞ்சு பேர் கீழ நின்னு பாத்தோம், கானா பாடுறவங்க, ராப் பாடுறவங்க, கிடார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடைல, ஒருத்தர் பாட மத்தவங்க பக்கத்துலயே நின்னு தட்டிக்கினு இருந்தாங்க. 2020 டிசம்பர்ல ஆரம்பிச்ச மார்கழியில் மக்களிசை நிகழ்ச்சியும் அப்படித்தான், பறையும் கானாவும் ஒப்பாரியும் ஒரே மேடைக்கு வந்ததாலதான் அதுவரைக்கும் ஒப்பாரிய உக்காந்து கேட்டே இருக்காதவங்களும் கேட்டாங்க.

நம்ம மேடைலயே இதுக்கு சாட்சி இருக்கு. வியாசர்பாடி டோலக் அண்ணனும் ராயபுரத்துல சர்ச் கொயருக்கு கிடார் வாசிக்கிற தம்பியும் செப்டம்பர் மேடைல ஒரு பாட்ட சேந்து வாசிச்சாங்க, ரிகர்சல் கூட ரெண்டே நாள்தான். அந்த வீடியோவ ரெண்டு பேரும் அவங்கவங்க ஆளுங்களுக்கு அனுப்புனாங்க. சர்ச்சு ஆளுங்க கானா கேட்டாங்க, வியாசர்பாடி பசங்க அந்தத் தம்பிய ஒரு காதுகுத்துக்கு வாசிக்க கூப்புட்டாங்க. நம்ம சங்கத்து வீடியோலயே அதிகமா பாத்தது அதுதான்.

வீடியோ விஷயத்துல ஒரு தப்ப மூணு மாசம் பண்ணோம், போன்ல வர்ற சவுண்டயே போட்டோம், காத்து எரைச்சலும் கீழ ஷேர் ஆட்டோ ஹாரனும்தான் கேட்டுச்சு. இப்ப மிக்சர்ல இருந்து ஒரு வயர் இழுத்து தனியா ரெக்கார்டர்ல எடுக்குறோம், பாட்டு ஆரம்பத்துல ஒரு கைதட்டு தட்டுனா அத வச்சி படத்தயும் சவுண்டயும் ஒட்டிடலாம். சங்கத்து யூட்டியூப் சேனல்ல விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபரும் 12 மாசத்துல 4000 மணி நேரம் பாத்த கணக்கும் ஆவணும், சப்ஸ்கிரைபர்ல நாம இப்ப 870ல நிக்கிறோம். ஷார்ட்ஸ் ஃபீட்ல பாக்குறது அந்த மணிக்கணக்குல சேராது, அதனால ஷார்ட்ஸ் போட்டு ஆள கூப்புட்டு, முழுப் பாட்ட சேனல்ல வைக்கணும். சினிமா பாட்ட பாடிப் போட்டா கன்டென்ட் ஐடில மாட்டும், அது பாட்டு யாரோடதுன்னு யூட்டியூப்பே கண்டுபிடிக்கிற ஏற்பாடு, விளம்பரக் காசு பாட்டு கம்பெனிக்குத்தான் போகும், நாம ஒழச்சி இன்னொருத்தர் கல்லாவ ரொப்ப வேணாம்.

ஒரு கானா அண்ணனுக்கு நடந்தத பேர் சொல்லாம சொல்றேன். ஒரு சேனல்காரங்க வந்து பாட்ட ஷூட் பண்ணிட்டு கையில கொஞ்சம் காசு குடுத்து ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சி இவர் அதே பாட்ட தன் சேனல்ல போட்டா பாட்டு எங்களுதுன்னு இவருக்கே அவங்க கிளைம் வருது, அவர் எழுதுன பாட்டு, அவங்க அம்மா செத்தப்ப எழுதுனது. தயவு செஞ்சி படிக்காம கையெழுத்து போடாதீங்க, எங்கிட்ட கொண்டாங்க, எனக்கும் புரியலன்னா தெரிஞ்ச வக்கீல் அண்ணன் இருக்காரு. 2012ல திருத்துன காப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதுனவரும் மெட்டு போட்டவரும் தனக்கு வர வேண்டிய ராயல்டி பங்க வாரிசுக்கோ காப்புரிமை வசூலிக்கிற சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. அந்த வசூல் சங்கம்தான் ஐபிஆர்எஸ், 1969ல இருந்து இருக்கு, நம்மள்ல நாலு பேர்தான் உறுப்பினர். சொந்தமா எழுதி மெட்டு போடுறவங்க எல்லாரும் சேரணும், பாட்ட ஏத்தும்போது எழுதுனவர் எடத்துல பட்டப்பேர போடாம ஆதார்ல இருக்கிற முழுப்பேர போடுங்க. பாடுறவர் பேரயும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே மாதிரி எழுதுங்க, ஒரு எழுத்து மாறுனா பாட்டு வேற யாரோ ஒரு பாடகரோட பேஜ்ல போய் ஒக்காந்துடும், நமக்கு ரெண்டு பாட்டு அப்படி போயி மீட்கவே ஒரு மாசம் ஆச்சு.

இப்ப சொல்லக் கஷ்டமா இருக்கிற விஷயம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் மாதிரி எடத்துல நாம நேரா பாட்ட ஏத்த முடியாது, நடுவுல டிஸ்ட்ரிபியூட்டர் வேணும். ஆளாளுக்கு தனியா கட்ட வேணாம்னு சங்கத்து பேர்ல ஒரே கணக்கு எடுத்து 31 பாட்டு ஏத்தி வச்சிருந்தோம். அதுக்கு வருஷ சந்தா உண்டு, கட்டலன்னா பாட்ட எறக்கிடுவாங்க. ஆகஸ்ட்லயே குரூப்ல போட்டேன், செப்டம்பர்ல ரெண்டு தடவ போட்டேன், எல்லாரும் கும்பிடுற பொம்ம போட்டீங்க, காசு வரல. அக்டோபர் மொத வாரம் 31 பாட்டும் எறங்கிடுச்சு. அன்னிக்கி ராத்திரி எனக்கு 14 பேர் போன் பண்ணீங்க, அதுல ஒன்பது பேர் சந்தா பாக்கி. கீபோர்டு ஸ்டாண்டு வாங்க வச்சிருந்த காச போட்டு நான்தான் கட்டுனேன், ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் அடையாளமா இருக்கிற பழைய ஐஎஸ்ஆர்சி நம்பரயே போட்டு ஏத்துனதால பழைய எண்ணிக்க திரும்ப ஒட்டிக்கிச்சு, ஆனா 19 நாள் பாட்டு இல்ல, ரெண்டு பாட்டு பிளேலிஸ்ட்ல இருந்து விழுந்தது இன்னி வரைக்கும் ஏறல.

ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு பாட்ட 12 மாசத்துல 1000 தடவயாச்சும் கேட்டிருந்தாத்தான் அதுக்கு காசு கணக்கு எடுப்பாங்க, 30 செகண்டு ஓடுனாத்தான் ஒரு தடவ. 31ல ஒன்பது பாட்டுதான் அத தாண்டியிருக்கு. 64 பேரும் ஒரு பாட்ட வருஷத்துக்கு 16 தடவ கேட்டா 1024 ஆவுது, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான், நம்ம சங்கத்துக்காரன் பாட்ட நாமளே கேக்கலன்னா வெளியாள் ஏன் கேக்கணும். இதுக்காக காசு வாங்கிக்கினு எண்ணிக்க ஏத்தித் தரேன்னு இன்ஸ்டால வர்றவங்ககிட்ட போவாதீங்க, பொய்க் கேட்புன்னு கண்டுபிடிச்சா டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் வரும், ஒருத்தர் பண்ணா பொதுக் கணக்குல இருக்கிற எல்லார் பாட்டும் போயிடலாம். புதுப் பாட்டு விடுறவங்க தேதிக்கு ஏழு நாள் முன்னாடியாச்சும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்குல பிட்ச் பண்ணணும், அதாவது பிளேலிஸ்ட்ல சேக்க சொல்லி பாட்ட அனுப்பணும், அதுக்குள்ள பாட்டு போய் சேரணும்னா எங்கிட்ட ஒரு மாசம் முன்னாடி தாங்க. வெள்ளிக்கிழம ரிலீஸ்னு வியாழக்கிழம ராத்திரி பாட்ட அனுப்புனா நான் இன்னா பண்ண முடியும்.

வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா வைப்பாங்க. சுருக்கமா, சந்தாவும் திருவிழா ஆர்டர்ல சங்கத்துக்கு வந்த பங்கும் ஆடியோ செட்டு, டீ, பேனர் செலவுக்கு சரியா போச்சு, கையில சொல்லிக்கிற மாதிரி மிச்சம் இல்ல. வருஷ சந்தா 600 ரூபா, கட்டுனவங்க 27 பேரு. நான் போட்ட காச திருப்பிக் கேக்கல, கணக்குல நன்கொடைன்னு எழுத சொல்லிட்டேன்.

மாடி குடுத்த அம்மாவுக்கும், பாதி கூலிக்கு செட்டு போடுற அண்ணனுக்கும், வீடியோ எடுத்த கொடுங்கையூர் தம்பிங்க ரெண்டு பேருக்கும், தலைவர் அண்ணனுக்கும், செயற்குழுவுக்கும், என் வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் செயலாளரா இருப்பேனான்னு கேக்குறீங்க. வேற யாராச்சும் எடுத்து செய்யறேன்னு வந்தா கணக்கு பாஸ்வேர்டு, ரெக்கார்டர், நம்பர் லிஸ்ட் எல்லாத்தயும் அன்னிக்கே ஒப்படைக்க தயார். யாரும் வரலன்னா நானே பாக்குறேன், ஆனா செப்டம்பர்ல டிஸ்ட்ரிபியூட்டர் சந்தா மறுபடி வருது, இந்த தடவ எங்கிட்ட காசு இல்ல. 64 பேரும் சங்க சந்தா கட்டிட்டா அந்த செலவு அதுலயே அடங்கிடும், ஒரு நல்ல மைக்கும் வாங்கலாம்.

வர்ற கடைசி ஞாயிறு சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேடை இருக்கு. இந்த தடவ ராயபுரம் தங்கச்சியத்தான் மொதல்ல பாட வைக்கிறேன், புதுப் பாட்டு வச்சிருக்காம். அஞ்சு மணிக்கே வாங்க, கடைசியா பாடுறது மூணாவது தெரு ராப் தம்பி, அவன் பாடி முடிக்கிற வரைக்கும் இருங்க. பொருளாளர் அக்கா ரசீது புக்கோட படிக்கட்டு பக்கத்துல ஒக்காந்திருப்பாங்க, ஜிபேலயும் கட்டலாம்.