மொட்டை மாடியில் ஒரு செம்புக் கம்பி: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் சார், பொருளாளர் அம்மா, சங்கத்து உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். லிஃப்ட் பக்கத்துப் பலகையில் போன வாரம் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். 'மொட்டை மாடியில் அனுமதியின்றிக் கட்டப்பட்டுள்ள வயர்லெஸ் ஒயரை மாத இறுதிக்குள் அகற்ற வேண்டும்' என்று இருந்தது. கதிர்வீச்சு, இடி அபாயம், கட்டடத்தின் அழகு என்று மூன்று காரணங்கள். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் நம் பிளாக்கில் ஒயர் கட்டுகிற கிறுக்கன் யார் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும்.

நேரில் வந்து பேசியிருக்கலாம்தான். ஆனால் தண்டையார்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை என்னைப் போல ஹாம் ரேடியோ (அரசு உரிமம் வாங்கி, பொழுதுபோக்காகப் பிறரோடு பேசும் வானொலி) வைத்திருக்கும் சிலருக்கும் அவரவர் மாடியில் இதே பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிச் சுவரில் இரண்டு கொக்கி அடித்தேன், யாரிடமும் கேட்கவில்லை. அந்தத் துளைகளில் மழைத்தண்ணீர் இறங்காமல் பூசிவிட்டேன் என்றாலும் கேட்காமல் செய்தது தப்புதான். அடுத்தது அந்த வளைகாப்பு விஷயம். தரைத்தளத்தில் நலங்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரில் திடீரென்று வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வந்ததே, அது நான்தான். கொழும்பில் இருக்கும் ஒருவரிடம் மாடி வீட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்பீக்கருக்குப் போன நீளமான ஒயர் தானே ஒரு ஏரியலாகி, என் அலையைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குள் கொண்டுபோய்விட்டது. மறுநாளே அந்த ஒயரை, இப்படி நுழையும் அலையைத் தடுக்கிற ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கொடுத்தேன். என் கேபிள் மாடியிலிருந்து இறங்கும் இடத்திலும் அதையே செய்தேன். அந்தக் குழந்தை பிறந்து இப்போது தவழ்கிறது. இன்றுவரை வேறு புகார் வரவில்லை. இனி வந்தாலும் கதவைத் தட்டுங்கள், ரேடியோ பெட்டியை அணைத்துவிட்டுத்தான் காரணம் தேடுவேன்.

சரி, அந்த ஒயர் என்ன என்று பார்ப்போம்.

உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது. வால்வு ரேடியோ காலத்தில் கூடத்தின் குறுக்கே ரிப்பன் மாதிரி ஒரு செம்பு வலை தொங்குமே, சிலோன் ரேடியோ சரியாகக் கேட்க? அந்த ஏரியலுக்குச் சித்தப்பா பிள்ளைதான் இது. அப்புறம் 1975இல் தூர்தர்ஷன் வந்த பிறகு ஊரெல்லாம் மாடியில் மீன்முள் போல அலுமினியக் குழாய் வைத்தோம். ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் கீழே இருந்து "தெரியுது, தெரியுது... ஐயோ போச்சு" என்று கத்த, காக்கா வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கெடுக்க. அந்த மீன்முள்ளுக்கு யாகி என்று பெயர். அப்போது நாம் எல்லோருமே ஆன்டெனாக்காரர்கள்தான்.

நான் கட்டியிருப்பது அதைவிட எளிது. நடுவில் 18 அடி மூங்கில், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூரை போலச் சரிந்து இறங்கும் செம்புக் கம்பி. டைபோல் என்பார்கள். கணக்கு சின்னதுதான்: 143ஐ, பேசப்போகும் அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். வெட்டிய கம்பியை ஒட்டவைப்பது தொல்லை என்பதால் முதலில் 21 மீட்டர் விட்டேன், ஆன்டெனாவைச் சோதிக்கும் மீட்டர் 6.8 மெகாஹெர்ட்ஸில் நின்றது. பக்கத்துக்கு இரண்டு சாண் வெட்டியதும் சரியான இடத்துக்கு வந்தது. நம் மாடிக்கு அவ்வளவு நீளம் கிடையாது, அதனால்தான் முனைகள் கொஞ்சம் மடங்கி நிற்கின்றன. அதைப் பார்த்துத்தான் "கொடி சரியாக் கட்டலையே" என்று இரண்டாம் மாடி அக்கா கேட்டார்கள்.

கயிறு காசிமேட்டில் வாங்கிய நைலான். கடலில் வலை இழுக்கிற கயிறுக்கு நம் மாடி வெயில் பெரிய விஷயமில்லை. இன்சுலேட்டர் வெறும் பிவிசி குழாய்த் துண்டு. கம்பிக்கு எதிரி வெயில் இல்லை, உப்புக் காற்று. ஆறே மாதத்தில் பற்றவைத்த இடமெல்லாம் களிம்பேறிப் பச்சையாகிவிடும். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை நான் மேலே ஏறிச் சுரண்டிக்கொண்டிருப்பது.

பெட்டியும் நானே கட்டியதுதான். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் 'பிட்எக்ஸ்' என்று ஒரு வடிவமைப்பை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். சாதாரணக் கடையில் கிடைக்கிற பொருளை வைத்தே செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். காயில் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்று என்றார். நம் தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஒரு டஜன் வாஷர் கேட்டபோது, "எத்தனை குழாய் சார் ஒழுகுது?" என்றார் கடைக்காரர். ஒன்றும் ஒழுகவில்லை, ரேடியோ கட்டுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எனாமல் கம்பி ராயபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் எடை போட்டு வாங்கினேன். டிரான்சிஸ்டர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது. மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.

'அனுமதியின்றி' என்ற சொல்லுக்கு வருகிறேன். மாடிக்குச் சங்கத்தின் அனுமதி வாங்கவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அரசு அனுமதி இல்லை என்று பொருள் வந்தால் அது தவறு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் அடையாளம்) வாங்கி வைத்திருக்கிறேன். 12 வயது நிறைந்த யாரும் அந்தத் தேர்வை எழுதலாம். மேல்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்தி மொழியும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நான் இன்னும் ஐந்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். உரிமம் வருவதற்கு முன் ஒரு காவலர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். வாட்ச்மேன் அண்ணன் அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் புரிகிறது. 1991க்குப் பிறகு நம் ஊரில் வயர்லெஸ் என்ற சொல்லோடேயே ஒரு நடுக்கம் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியே ஒரு ஹாம், அவருடைய குறி வி.யு.2.ஆர்.ஜி. என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் விதிகளில் சங்கேத மொழி பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, பேசும்போது அழைப்புக்குறியைச் சொல்லியே ஆக வேண்டும். ரிசீவர் வைத்திருக்கும் எவரும் ஒட்டுக்கேட்கலாம். ரகசியம் பேச இதைவிட மோசமான இடம் கிடையாது.

கதிர்வீச்சு. என் பெட்டி முழு மூச்சாகக் கத்தினால் 10 வாட். படிக்கட்டில் எரிகிற எல்இடி பல்ப் 9 வாட். அதுவும் நான் வாயைத் திறக்கும்போது மட்டும், ஒரு நாளைக்கு அரைமணி நேரம். ஒப்பிடக் கூடாது என்று நினைத்தேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: போன வருஷம் ஒரு செல்போன் டவர் கம்பெனி இதே மாடிக்கு வாடகை பேச வந்தபோது, கூட்டத்தில் மாதம் எவ்வளவு தருவார்கள் என்ற பேச்சுத்தான் நடந்தது. கதிர்வீச்சு என்ற சொல் குறிப்பேட்டில் எங்கேயும் இல்லை. டவரும் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேசும்போது கம்பியின் முனையைத் தொட்டால் சுரீர் என்று சுடும். அதனால் முனைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றித் தருகிறேன்.

இடியைப் பற்றிய கவலை நியாயமானது. உயரத்தில் உலோகம் எது இருந்தாலும் கவனம் வேண்டும். நம் தண்ணீர்த் தொட்டியும் அதன் இரும்பு ஏணியும் என் மூங்கிலைவிட உயரம் என்பது உண்மை. அதைச் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னலை மண்ணுக்குத் திருப்பும் அரெஸ்டர் வைத்து, தனியாக எர்த் கம்பி இறக்க நான் தயார். செலவு என்னுடையது. பொருளாளர் அம்மா நோட்டைத் திறக்க வேண்டாம். வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவது என் பழக்கம்.

அழகு பற்றி என்னிடம் பதில் இல்லை. ஒன்பது டிஷ், பதினோரு கறுப்புத் தொட்டி, உடைந்த ஒரு கட்டில், இவற்றுக்கு நடுவே என் கம்பி எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க எனக்குக் கண் போதவில்லை.

நான் ஏன் இதில் விழுந்தேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். நம் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. போனில் சிக்னல் கோடு ஒன்று வரும், நம்பர் போடுவதற்குள் போய்விடும். தூத்துக்குடியில் இருந்த அம்மா டிவியில் சென்னையின் மரங்கள் சாய்வதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை. 2004 சுனாமியின்போது அந்தமானில் தற்செயலாக இருந்த ஹாம்கள் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பிய கதையை எப்போதோ படித்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தேர்வு எழுதினேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கம்பி மேலே இருந்தது. பழைய யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த 12 வோல்ட் பேட்டரியில் பெட்டியைப் போட்டு, காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டேன். கோவையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். கம்பி தாழ்வாக இருப்பதில் ஒரு வசதி: அலை நேரே மேலே போய், வானத்து அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு இறங்கும். கோவைக்கு அது போதும். நம் பிளாக்கில் ஆறு வீட்டுப் பிள்ளைகளின் நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் அங்கிருந்து போன் போட்டு, "அப்பா அம்மா நலம், தண்ணீர் படிக்கட்டோடு நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு, பதிலையும் எனக்கு வாங்கித் தந்தார். செயலாளர் சார், மூன்றாவதாக நான் வாசித்தது பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன் நம்பர். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

ஹாம் வேலை புயலுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் முக்கால்வாசி நேரம் வெட்டிப்பேச்சுதான். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் போகும்போது மேலே மின்கம்பியில் தெறிக்கிற பொறி என் காதில் கரகரக்கும்; அது போகும்வரை காத்திருந்து பேச்சைத் தொடர்வோம். இரண்டாம் மாடியில் ஒன்பதாவது படிக்கிற பாப்பா கொத்தனார் வைத்திருக்கிற ஸ்டீல் டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் கட்டி ஒரு யாகி செய்தாள். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.8 மெகாஹெர்ட்ஸில் அதிலிருந்து வந்த சத்தத்தைப் பிடித்து, மாடியில் குதித்த குதியில் மூன்றாம் மாடிக்காரர் மேலே ஓடி வந்தார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் நாம் எல்லோரும் அதே மாடியில் வடக்கே பார்த்து நிற்கிறோமே, 2005 மே 5 அன்று அங்கிருந்து போன ராக்கெட்டில் ஹாம்களுக்காகவே 'ஹாம்சாட்' என்று ஒரு செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. எடை 42.5 கிலோ, நம் வீட்டு கேஸ் சிலிண்டர் ஒன்றரை.

இந்த ஊருக்கு இது வந்தேறிப் பழக்கமும் இல்லை. பம்பாயில் கம்பெனி வைத்து ஒலிபரப்பு தொடங்கியது 1927இல். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1924இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்து 40 வாட் பெட்டியை வைத்து ஒலிபரப்பினார்கள். காசு தீர்ந்ததும் பெட்டியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி அதைத் தூக்கிப் போடவில்லை, 1930இல் தானே ஒலிபரப்பத் தொடங்கியது.

நான் கேட்பது ஒன்றுதான். பொதுக்குழு முடிவெடுக்கும் முன் ஒரு தடவை மேலே வாருங்கள். வருகிற ஞாயிறு மாலை ஐந்தரை மணி. பொழுது சாயும்போது 7 மெகாஹெர்ட்ஸ் கொழும்பு வரை நன்றாகத் திறக்கும். அன்று வளைகாப்பின்போது நான் வாத்தாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்த கொழும்புக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். மூங்கிலை எங்கே நகர்த்தினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதை அங்கேயே நின்று முடிவு செய்வோம். ஏணி என்னிடம் இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
நான்காம் மாடி ஒயர்காரன்

பி.கு.: என் கம்பியில் யாரோ ஈரப் போர்வை காயப்போட்டிருந்தார்கள். மீட்டர் தாறுமாறாக ஆடியதும்தான் மேலே போய்ப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்டது. உலர்த்தி, மடித்து என் வீட்டில் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளவும்.