குணங்குடியாரை ஓபராவாக்கப்போகும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தமிழ் சூஃபி ஞானக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் வாழ்க்கையைச் சேம்பர் ஓபராவாக, அதாவது சில பாடகர்களும் சில கருவிகளும் மட்டுமே உள்ள சிறிய இசை நாடகமாக எழுதப்போகிறீர்கள் என்றதும் முதலில் கேட்கத் தோன்றியது இதுதான்: அவருடைய கண்ணிகளை, அந்த ஈரடிப் பாட்டுகளை, யார் பாடப்போகிறார்கள், எந்த ஸ்தாயியில்?

'பராபரமே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பராபரக்கண்ணியில் கண்ணிக்குக் கண்ணி வந்து விழும் சொல். ஐந்து எழுத்து, ரா, மே இரண்டும் நெடில், மற்ற மூன்றும் குறில். மேற்கத்திய முறையில் பயின்றவர்கள் முதல் எழுத்தைத் தாள அடியில் வைத்து இழுத்துவிடுவார்கள். 'பாராப் பரமே' என்று காதில் விழும். உருகிப் பாடியவர் கண்டுகொள்ளாத கடவுளைத் திட்டியதாக ஆகிவிடும்! 'ப'வைத் தாள அடிக்கு முன்னால் தள்ளிவிட்டு, 'ரா'வைச் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், இறக்குங்கள். சங்கதிகளை 'மே'யில் வையுங்கள்; ஏகாரம் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். மனோன்மணிக் கண்ணியில் வரும் 'மனோன்மணியே'வுக்கும் இதே கணக்குத்தான். 'னோன்' என்பதில் ஓகாரத்தில் நின்று, கடைசி நொடியில் 'ன்' என்ற ஒற்றைச் சொல்லி மூடவேண்டும். ஒற்றில் நின்றால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும்.

கண்ணிகளைச் சோப்ரானோவுக்கு, உச்ச ஸ்தாயிப் பெண் குரலுக்கு, கொடுக்காதீர்கள். சுமார் 700 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் வாயறையின் ஒத்ததிர்வைக் குரலின் அடிப்படைச் சுருதியே தாண்டிவிடும். இகரமும் உகரமும் அகரமாகத்தான் கேட்கும். 'மணி', 'மண' ஆகிவிடும். நடு ஸ்தாயி ஆண் குரலான பாரிட்டோனே சரி. சோப்ரானோவுக்கு வேடம் வேண்டுமென்றால், சாகிபு மணக்க மறுத்துத் துறவு பூண்டதாகச் சொல்லப்படும் மாமன் மகள் இருக்கிறாளே. அவளுக்குக் கண்ணி வேண்டாம், பேச்சுத் தமிழ் போதும். மனோன்மணியை மட்டும் மேடையில் நிறுத்திவிடாதீர்கள். சாகிபு அந்தப் பெயரால் அழைப்பது இறைவனை. ஒரு பெண் புடவை கட்டி வந்து நின்றால் பாட்டே காதல் டூயட் ஆகிவிடும். பதிலைக் கிளாரினெட் சொல்லட்டும்.

கருவிகள்: ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1954இல் 13 வாத்தியக்காரர்களை வைத்தே ஒரு முழு ஓபராவை நடத்திக்காட்டினார். உங்களுக்கு ஏழு போதும்: வயலின் இரண்டு, வயோலா, செல்லோ, டபுள் பாஸ், கிளாரினெட், தோல் கட்டிய கைப்பறையான தாயிரா. காற்றில் ஈரம் ஏறினால் தாயிராவின் தோல் தொய்ந்து சுருதி இறங்கும்; மேடை விளக்குச் சூட்டில் ஏறும். இரண்டு தாயிரா வைத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி மாற்றுங்கள். ஆர்மோனியம் வேண்டாம். அது பாரிஸில் காப்புரிமை பெற்றதே 1840களில்; சாகிபு 1838இல் மறைந்துவிட்டார். அதைவிட முக்கியம், அதன் நிலைச் சுரங்கள் கமகத்தை, சுரத்தின் அசைவையும் வழுக்கலையும், கொன்றுவிடும்.

பாடல்வசனத்தை 25 நிமிடத்தில் வாசித்து முடிக்கிற அளவுக்கே எழுதச் சொல்லுங்கள். பாடினால் எழுபது நிமிடத்தைத் தொட்டுவிடும். சாகிபுவின் இளமைக்கால ஊர்களான குணங்குடி, தொண்டி, கீழக்கரை எல்லாம் ஒரே காட்சியில் கடந்துபோகட்டும். சென்னை ராயபுரத்துப் புதர்க்காட்டுத் தவத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நேரம் வேண்டும். எழுதுகிறவர் கண்ணிகளை அச்சுப் பிரதியிலிருந்தே எடுக்கட்டும், நினைவிலிருந்து வேண்டாம். தாயுமானவருக்கும் ஒரு பராபரக்கண்ணி உண்டு. வரிகள் சுலபமாகக் கலந்துபோகும்.

ஒத்திகையைப் பியானோவை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீர்கள். பியானோவில் சுரம் வழுக்காது. பாடகர்கள் நேர்ச் சுரமாகவே மனப்பாடம் செய்துவிடுவார்கள். கடைசி வாரத்தில் தந்திக் கருவிகள் கமகத்தோடு வந்து சேரும்போது ஒன்றோடொன்று உரசும். முதல் நாளிலிருந்தே ஒரு வயலினைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

முதல் காட்சி முடிந்ததும் குரல் பகுதியை மட்டும் அனுப்புங்கள். குறில் நெடில் பார்த்துத் தருகிறோம்.

அன்புடன்.