பச்சை எழுத்துக்கு ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழும் நிறுவனங்களைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் முதலாளி கத்தரித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கோவையில் லாரி உதிரிபாக மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் 27 வருடமாகக் கணினிப் பிரிவில் இருக்கிறேன். நாமக்கல், சங்ககிரி உட்பட ஆறு கிளைகளின் பில், சரக்கிருப்பு, பாக்கி எல்லாம் ஏஎஸ்/400 என்ற ஒரே அலுவலகக் கணினியில் ஓடுகின்றன. இந்த வகைக் கணினியை ஐபிஎம் 1988-இல் கொண்டுவந்தது. அப்புறம் பல முறை பெயரை மாற்றிவிட்டார்கள். நாங்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறோம். எங்கள் பெட்டி 2019-இல் வாங்கியதுதான். ஆனால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வருவதால் பார்க்கிறவர்களுக்கு அது தாத்தா காலத்துச் சாமான்.

"ஏங்க, வருசா வருசம் இவ்வளவு கட்டணுமா? வேற சர்வர் வாங்கினா கால்வாசிதானே ஆகும்?" என்றார் முதலாளி. அவர் கேட்டதில் தப்பில்லை. பராமரிப்புத் தொகை ஒரே செக்காகப் போகிறது, கண்ணை உறுத்துகிறது. புதிதாக விற்க வந்தவர்கள் கொடுத்த விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பிரித்து எழுதினேன். சர்வர் ஒன்றல்ல, மூன்று. டேட்டாபேஸ் தனி, பேக்கப் தனி, ஆன்டிவைரஸ் தனி, பார்த்துக்கொள்ள இரண்டு ஆள். எங்கள் பெட்டியில் டேட்டாபேஸ் இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆள், நானும் இன்னொருவர் பாதி நேரமும். கூட்டிப் பார்த்தால் மூன்றாம் வருடமே இரண்டும் சமம். ப்ரோக்ராம்களைத் திருப்பி எழுதும் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

முதலாளி காகிதத்தை நம்பாமல், விற்க வந்தவரையே கவுன்டரில் செய்து காட்டச் சொன்னார். பில் போடும் பெண் எங்கள் பழையதில் 14 அயிட்டம் அடித்தது. திரையைப் பார்க்கவே இல்லை. கண் லாரிக்காரர் கையிலிருந்த சீட்டில், விரல் எஃப் விசைகளில். ஒன்றரை நிமிடம். புதியதில் மவுஸைத் தேடித் தேடி ஏழு நிமிடம் ஆனது. லாரிக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். பழகினால் வேகம் வரும் என்றார் விற்க வந்தவர். வரலாம்தான்.

பழைய பெட்டி வெளியுலகத்தோடு பேசாது என்று சொல்வதும் சரியில்லை. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்த அன்று காலையே, நான் சேருவதற்கு முன்பு ஆர்பிஜி என்ற பழைய ப்ரோக்ராம் மொழியில் எழுதிய ப்ரோக்ராமில் புது வரியோடு பில் அடித்தோம். ஈ-இன்வாய்ஸ் க்யூஆர் கோடும் அதிலிருந்துதான் வருகிறது.

ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் கடைகள் ஏழு வருடம், சுமார் 50 கோடி யூரோ செலவழித்து, 2018-இல் சாப் (SAP) என்ற வணிக மென்பொருளுக்கு மாறும் திட்டத்தைக் கைவிட்டுத் தங்கள் பழைய மென்பொருளுக்கே திரும்பியதை முதலாளியிடம் சொன்னேன். சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கத்தைப் புது மென்பொருளுக்காக மாற்றிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. நம்மிடமும் பழைய கிளட்ச் பிளேட்டைத் திருப்பித் தந்தால் ஆளுக்கொரு தொகை கழிக்கிற வழக்கம் இருக்கிறதே என்றேன். அவர் சிரித்தார். அந்த வழக்கம் அவர் அப்பா ஆரம்பித்தது.

ஆனால் முதலாளி கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "நீங்க போனப்புறம் யாருங்க?" இரண்டு வருடத்தில் எனக்கு ஓய்வு. கல்லூரியில் ஆர்பிஜி யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டுரையாளர் பெட்டியின் வயதை விட்டுவிட்டு இதைப் பற்றி எழுதியிருந்தால் நானே கத்தரித்து வைத்திருப்பேன்.

முதலாளி மூன்று வருடப் பராமரிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், இரண்டு பேரைத் தயார் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒருவர் கவுன்டரில் பில் போட்ட அதே பெண். நாலு மாதத்தில் சங்ககிரி பாக்கிப் பட்டியலுக்கான ப்ரோக்ராமைத் தானே எழுதிக் கொண்டுவந்தது. கணக்கு முடித்தவர்கள் பெயரும் அதில் வந்துவிட்டது, திருத்திக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
கணினிப் பிரிவு ஊழியர்,
கோவை.