மணியைக் கேள், மருந்து தெரியும்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. உன் மருந்துக்கடைக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்ததில் சந்தோஷம். உன் முழங்கால் வலிக்கு நீயே அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வதை மட்டும் விடு.

வீசிங் மருந்து ஆரம்பித்ததும் பிள்ளை ஆளே மாறிவிட்டது என்று தாய்மார்கள் வந்து நிற்கிறார்கள் என எழுதியிருந்தாய். சீட்டில் மூன்று மருந்து இருக்கும். எது வேலையைக் காட்டுகிறது என்று தெரியாமல் மூன்றையும் நிறுத்திவிடுவார்கள். எதை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், ஆட்டம் எப்போது தொடங்கியது என்று கேள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

கொடுத்த அரை மணிக்குள் தொடங்கி நாலைந்து மணி நேரத்தில் அடங்கினால் அது சால்பியூட்டமால், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. பால் டம்ளரைப் பிடித்தால் விளிம்பில் தளும்பும், அப்படிக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஓரிடத்தில் உட்காராது. சிரப்பில் இது அதிகம். இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒரு அழுத்து, 100 மைக்ரோகிராம். சிரப் 5 மி.லி.யில் 2 மி.கி., அதாவது 20 பஃப்புக்குச் சமம். அதுவும் வயிறு வழியாக உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போகிறது. ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்று பயந்து சிரப் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் ஆட்டம் ஒன்றிரண்டு நாளில் தெரியும். தொட்டதற்கெல்லாம் அழுகை, எரிச்சல், சாப்பிட்ட கையோடு மறுபடி பசி, நள்ளிரவிலும் கொட்டக் கொட்ட விழிப்பு. மூச்சுத்திணறலுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., 3 முதல் 5 நாள். முடிந்த சில நாளில் பிள்ளை பழையபடி ஆகிவிடும். திணறல் வந்த நேரத்தில் முதல் டோஸுக்குக் காலை வரை காத்திருக்கக்கூடாது. மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் தூக்கம் அவ்வளவு கெடாது. இரண்டு வாரத்துக்கு மேல் போன கோர்ஸ் என்றால் சட்டென்று நிறுத்த விடாதே. டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

இதில் உன் கவுன்டரிலேயே நடக்கக்கூடிய தப்பு ஒன்று உண்டு. பிரெட்னிசோலோன் சாதா சிரப் 5 மி.லி.யில் 5 மி.கி.; ‘ஃபோர்ட்’ என்றால் 15. 12 கிலோ பிள்ளைக்கு 12 மி.கி. எழுதியிருந்தால் சாதாவில் 12 மி.லி., ஃபோர்ட்டில் 4 மி.லி. பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டு அளவை மாற்றிச் சொல்லாமல் விட்டால் 36 மி.கி. உள்ளே போகும். அப்புறம் அந்தப் பிள்ளை தூங்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

மணிக்கணக்குக்குள் அடங்காதது மான்டெலுகாஸ்ட், வீசிங் வராமல் தடுக்கத் தினமும் கொடுக்கும் மருந்து. சில நாளிலும் வரும், மாதங்கள் கழித்தும் வரும். கெட்ட கனவு, தூக்கத்தில் அலறல், முரட்டுத்தனம், படுக்கையை நனைப்பது. பெரிய பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. லேசான அலர்ஜி மூக்கொழுகலுக்கு இதை நாடவேண்டாம் என்றும் சொன்னது. நம் ஊரிலோ லெவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு இதைச் சேர்த்த சிரப்பைச் சளி மருந்து என்றே நினைக்கிறார்கள். பழைய சீட்டை நீட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போவார்கள். அப்படி வருபவரிடம் பிள்ளையின் தூக்கம் எப்படி என்று ஒரு கேள்வி கேள். மாற்றம் தெரிந்தால் மருந்தை நிறுத்தி அன்றைக்கே டாக்டரைப் பார்க்கட்டும். ஸ்டீராய்டு மாதிரி குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் நின்றதும் சரியாகும். சிலருக்கு அதன் பிறகும் நீடிக்கும்.

இவ்வளவையும் பார்க்குமுன் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல். விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுத்து, மூக்கோரம் விரிந்து, பேச முடியாமல் துடித்தால் அது மருந்தின் ஆட்டமே இல்லை, ஆக்சிஜன் போதாத தவிப்பு. அப்போது கை நடுங்குகிறதே என்று இன்ஹேலரை நிறுத்தினால் நிலைமை கைமீறிவிடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது இன்ஹேலரோடு மாட்டும் குழாயான ஸ்பேசர் ஒன்று கொண்டுவருகிறேன். கடையில் வைத்துக்கொள், கேட்பவர்களுக்குப் பிடித்துக் காட்டலாம்.

அன்புடன்,
கணேசன்