தட்டில் எலுமிச்சை இருந்தால் அது மரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த, மேசைமேல் வைத்த பழம், பாத்திரம் போன்ற பொருள்களை வரையும் ஸ்டில் லைஃப் ஓவியங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் உரித்த எலுமிச்சை என்றால் வாழ்வின் கசப்பு, சாய்ந்து கிடக்கும் கோப்பை என்றால் நிலையாமை என்று அகராதி போட்டுக்கொண்டே போனது எனக்கு ஒப்பவில்லை. மண்டையோடும் மணற்கடிகாரமும் உள்ள படங்களுக்கு அது சரி. ரொட்டியும் மீனும் மட்டும் இருக்கிற மேசைக்குமா?

17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் ஓவியர் பீட்டர் கிளாஸ் வரைந்த சாப்பாட்டு மேசைகளைப் பாருங்கள். சொரசொரப்பான மேல்தோல், பஞ்சு மாதிரி உள்வெள்ளை, ஈரம் மினுங்கும் சுளை என்று ஒரே எலுமிச்சையில் மூன்று பரப்பு. கைத்திறனைக் காட்ட நினைக்கும் ஓவியர் இதை விடுவாரா?

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தூரிகை பிடித்தவன். ஒரு டம்ளர் தண்ணீரை வரைய எனக்கு 11 நாள் பிடித்தது. முதலில் டம்ளரைத்தான் வரைந்தேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் போல வந்தது. பிறகுதான் உறைத்தது. கண்ணாடிக்கென்று தனி நிறம் கிடையாது, பின்னால் இருக்கிற சுவரையும் துணியையும்தான் வரைய வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அந்தத் துணியின் கோடு இடம் வலம் மாறித் தெரியும். கடைசியில் வெள்ளையில் ஒரு புள்ளி வைத்தால் அறையின் ஜன்னலே அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். (பக்கத்தில் வைத்திருந்த ஆப்பிளை ஐந்தாம் நாள் பேரன் கடித்துவிட்டான். கடித்த ஆப்பிளையே வரைந்தேன்.)

அதற்கப்புறம் பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1761 வாக்கில் வரைந்த ஓவியத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு காபிப் பாத்திரம், கொஞ்சம் பூண்டு. அவ்வளவுதான். இதில் என்ன புதிரை அவிழ்க்கப் போகிறோம்? 1667இல் பிரெஞ்சு ஓவிய அகாதமியின் பெலிபியான் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது பழம், பூ வரைவதைக் கடைசிப் படியில் வைத்தார். அதே அகாதமி 1728இல் ஷார்தானை 'விலங்குகளும் பழங்களும் வரைபவர்' என்றே சேர்த்துக்கொண்டது. சாப்பாட்டுப் பொருள் அற்பம் என்பவரும், அதற்குள் தத்துவம் இருந்தால்தான் மதிப்பு என்பவரும் எனக்கு ஒன்றுதான். இருவருக்குமே பூண்டு பூண்டாக இருந்தால் போதவில்லை.

பிரெஞ்சு ஓவியர் மானே 1880இல் ஆஸ்பராகஸ் என்ற காய்த் தண்டுகளின் கட்டு ஒன்றை வரைந்து 800 பிராங்குக்கு விற்றார். வாங்கிய எப்ருசி 1000 அனுப்பிவிட்டார். உடனே மானே ஒற்றைத் தண்டு ஒன்றை வரைந்து, உங்கள் கட்டில் ஒன்று குறைந்துபோயிற்று என்று எழுதி அனுப்பினாராம். அந்தத் தண்டுக்கும் உங்கள் கட்டுரையாளர் ஒரு பொருள் வைத்திருப்பாரோ என்னவோ!

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படங்களைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். பீட்டர் கிளாஸின் மேசை தபால்தலை அளவில் வந்திருந்தது. கோப்பையின் மேல் இருக்க வேண்டிய வெளிச்சப் புள்ளியை அச்சு மை விழுங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்