அது பம்பிள் தேனீ இல்லை, கருவண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தோட்டப் பக்கத்தில் 'உங்கள் வீட்டைச் சுற்றிப் பறக்கும் பம்பிள் தேனீக்கள்' என்ற கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பம்பிள் தேனீ ஐரோப்பா, இமயமலை போன்ற குளிர்ப் பகுதிகளின் பூச்சி. சிங்கப்பூரில் அது இயற்கையாக வாழ்வதில்லை. இது நீங்கள் அறியாததல்ல. அப்புறம் எப்படி அந்தக் கட்டுரையோடு பம்பிள் தேனீயின் படம் அச்சேறியது?

நம் தாழ்வாரத்துப் பூந்தொட்டிக்கு வருவது கருவண்டு, அதாவது தச்சுத் தேனீ. பம்பிள் தேனீக்கு வயிறு வரை அடர்ந்த மயிர் இருக்கும். கருவண்டின் வயிறு மழமழவென்று மின்னும். கருவண்டு இனங்களில் ஒன்றில் பெண்ணுக்கு நெஞ்சுப் பகுதியில் மட்டும் மஞ்சள் மயிர், ஆணோ உடம்பு முழுக்க மஞ்சள். இந்த மஞ்சளைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

ஈசூன் சமூகத் தோட்டத்தில் 11 ஆண்டுகளாகக் கத்தரி போடுகிறேன். காலையில் கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கும். திடீரென்று ரீங்காரம் உச்சத்துக்கு ஏறும், மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அப்படி உலுக்க வராது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாகற்பந்தலின் மூங்கிலில் சுண்டுவிரல் நுழையும் துளையைப் பார்த்துவிட்டு, 'ஆபத்தான பம்பிள் தேனீ' என்று ஆள் வைத்து மருந்தடித்தார்கள். மறுநாள் அந்த மூங்கிலைப் பிளந்தேன். வரிசையாக அறைகள், அறைக்கொரு மகரந்த உருண்டை, ஒவ்வொன்றின் மேலும் செத்த புழு. அந்தப் பருவம் முழுவதும் கத்தரிப்பூவை நான்தான் விரலால் தட்டிவிட்டேன்.

போன ஆண்டும் இதே பக்கத்தில், 'பனிக்காலம் முடிந்ததும் தக்காளி நடுங்கள்' என்று வந்தது. "தாத்தா, நம்ம ஊர்ல பனிக்காலம் எப்போ?" என்று பேத்தி கேட்டாள். எனக்குக் கூசிப்போனது. வேற்று நாட்டுக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால், நம் பிள்ளைகள் தமிழ்ப் பத்திரிகையை எப்படி நம்புவார்கள்? தமிழில் 'கருவண்டு' என்று நல்ல பெயர் இருக்கும்போது அதைக்கூட எழுதாமல் விட்டீர்களே.

அடுத்த ஞாயிறு நான்கு வரியில் ஒரு திருத்தம், கூடவே சரியான படம், அவ்வளவுதான் கேட்கிறேன். படம் இல்லையென்றால் காலை எட்டு மணிக்குப் புகைப்படக்காரரை எங்கள் தோட்டத்துக்கு அனுப்புங்கள். கத்தரி பூத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்